பழைய டொயோட்டா குவாலிஸ்: நம்பகத்தன்மையும் உரிமையாளர் அனுபவமும்

டொயோட்டா குவாலிஸ் 2000ஆம் ஆண்டு முதல் 2005 வரை இந்தியாவில் விற்கப்பட்ட பெரிய குடும்ப வாகனம் ஆகும். பெங்களூருக்கு அருகில் பிடதியில் உள்ள டொயோட்டா கிர்லோஸ்கர் ஆலை தயாரித்த முதல் வண்டி இதுவே. இந்தோனேசியாவில் 1980களின் பிற்பகுதியில் ஓடிய கிஜாங் என்ற வண்டியின் வழிவந்தது. கிஜாங் என்பது அந்நாட்டு மொழியில் ஒருவகை மானின் பெயர். 2005இல் இன்னோவா வந்ததும் குவாலிஸ் நிறுத்தப்பட்டது.

இதை எஸ்.யூ.வி. என்பதா, வேன் என்பதா என்று சிலர் வாதாடுவர். லாரியைப் போலத் தனிச் சேஸிஸ், அதன்மேல் பொருத்திய பாடி, பின்சக்கர இயக்கம், பின்புறம் பட்டை ஸ்பிரிங் என்று உடலமைப்பு முரட்டு வண்டிகளுக்கு உரியது. நான்கு சக்கர இயக்கம் மட்டும் இல்லை. இன்று ஓடும் குவாலிஸ் எதுவும் 20 வயதுக்குக் குறைந்ததல்ல. இருந்தும் தமிழகத்தின் சிற்றூர்களில் இதை வாங்குவோரும் விற்போரும் இருந்துகொண்டே இருக்கிறார்கள். எட்டுப் பேர், பத்துப் பேர் கொண்ட குடும்பம் குறைந்த பணத்தில் ஒன்றாகப் பயணம் செய்ய வேறு வழி அதிகம் இல்லை என்பதே காரணம். சேமிப்பு முழுவதையும் போட்டு வாங்குபவருக்கு, வண்டி நிற்குமா ஓடுமா என்பது சிறிய கேள்வி அல்ல.

உழைப்புக்குக் காரணம்

பெரும்பாலான குவாலிஸ்களில் இருப்பது 2,446 சி.சி. டீசல் என்ஜின். சக்தி ஏறக்குறைய 75 குதிரைத் திறன்தான். டர்போ கிடையாது. டீசலை அளந்து செலுத்தும் பம்ப் முழுக்க இயந்திர முறையில் வேலை செய்வது. கணினி, சென்சார் போன்றவற்றை நம்பி அது இல்லை. எரிதல் மெதுவானது, உள்ளழுத்தம் மிதமானது. பெரிய என்ஜினிலிருந்து குறைந்த வேலையே வாங்கப்படுவதால் தேய்மானம் குறைவு. மூன்று லட்சம் கிலோமீட்டர் கடந்தும் என்ஜினைப் பிரிக்கவில்லை என்று சொல்லும் உரிமையாளர்கள் இருப்பதற்கு இதுவே அடிப்படை.

அதே அமைப்பு வேகத்தைக் கெடுக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனால் ஏ.சி.யை அணைத்து, இரண்டாவது கியரிலேயே ஏற வேண்டியிருக்கும். இதை வண்டியின் கோளாறு என்று எண்ணிப் பட்டறைக்குப் போய்ப் பணம் செலவழித்தவர்கள் உண்டு. அது கோளாறு அல்ல, இயல்பு.

உரிமையாளர் சொல்வதை எப்படிக் கேட்பது

பழைய குவாலிஸ் வைத்திருப்பவரிடம் கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் புகழ்ந்தே பேசுவர். பொய் சொல்கிறார்கள் என்பதில்லை. ஆனால் கெட்டுப்போன வண்டிகள் முன்பே உடைக்கப்பட்டுவிட்டன. அவற்றின் உரிமையாளர்களை நாம் சந்திப்பதே இல்லை. தேர்ச்சி பெற்ற மாணவர்களிடம் மட்டும் வினாத்தாள் எப்படி இருந்தது என்று கேட்பதைப் போன்றது இது. ஆசிரியராக இருந்த எனக்கு இந்தத் தவறு நன்றாகப் பழக்கம்.

இன்னொன்று: வீட்டு உபயோக வண்டி நல்லது, வாடகை வண்டி கெட்டது என்ற நம்பிக்கை பாதிதான் சரி. தினமும் ஓடி, கணக்காக ஆயில் மாற்றப்பட்ட வாடகை வண்டியின் என்ஜின் நல்ல நிலையில் இருக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை கோயிலுக்குப் போய்வந்து, மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நின்ற வண்டியில் ரப்பர் சீல்கள் காய்ந்து, பிரேக் சிலிண்டர் இறுகி, டேங்கில் துரு பிடித்திருக்கலாம். கிலோமீட்டர் மீட்டரை நம்ப முடியாது. அதைத் திருப்பி வைப்பது எளிது. கால் மிதிகளின் ரப்பர் தேய்வும் ஓட்டுநர் இருக்கையின் தொய்வும் மீட்டரைவிட உண்மை பேசும்.

டைமிங் பெல்ட்

இந்த வண்டியில் ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அது டைமிங் பெல்ட்தான். என்ஜினின் கீழ்ப்பகுதியில் சுற்றும் தண்டையும் மேலே வால்வுகளைத் திறக்கும் தண்டையும் ஒரே தாளத்தில் இணைப்பது இந்தப் பல் வைத்த ரப்பர் பட்டை. சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். வால்வு வளையும், சில சமயம் அதற்கு மேலும் சேதமாகும். பெல்ட்டின் விலையைப் போலப் பல மடங்கு செலவு வரும்.

விற்பவர் "போன வருசம்தான் மாத்துனோம்" என்பார். ரசீது இருந்தால் நம்பலாம். இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே புதிதாகப் போட்டுவிட வேண்டும். கூடவே டென்ஷனர் பேரிங்கையும் மாற்றுவது நல்லது. பேரிங் இறுகினாலும் பெல்ட் அறுந்துவிடும். ரப்பருக்கு வயதும் உண்டு. ஓடாமல் நின்ற வண்டியின் பெல்ட் புதிதுபோல் தெரிந்தாலும் தப்பிக்காது.

அடுத்த அபாயம் சூடு. ரேடியேட்டர் அடைத்தோ, தண்ணீர் குறைந்தோ என்ஜின் கொதித்தால் மேலே உள்ள சிலிண்டர் ஹெட் வளையும் அல்லது விரிசல் விடும். வெப்பமானி முள் நடுவைத் தாண்டி ஏறினால் ஓரமாக நிறுத்தி அணைத்துவிட வேண்டும். இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே என்று ஓட்டியவர்கள்தான் ஹெட் வேலை செய்தவர்கள்.

பார்க்கப் போகும்போது

காலையில் போக வேண்டும். போனதும் பேனட் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் வண்டியை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த நிலையில் நெடுநேரம் சாவியைத் திருப்பினால்தான் கிளம்புகிறது என்றால், குளோ பிளக் கெட்டிருக்கலாம். அது சிறு செலவு. என்ஜினின் அழுத்தமே குறைந்திருந்தால் பெருஞ்செலவு.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அழுத்தி மிதிக்கும்போது வரும் கரும்புகை, காற்று வடிகட்டி அடைப்பாலோ நாசில், பம்ப் கோளாறாலோ இருக்கும். சூடான பிறகும் வெண்புகை நிற்கவில்லையென்றால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருப்பதும் அதற்கு ஓர் அறிகுறி. என்ஜின் ஓடும்போது அந்த மூடியின் வாயில் புகை குபுகுபுவென்று வந்தால், ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துள்ளன.

துருவை மறக்கக்கூடாது. என்ஜினைச் சரிசெய்யலாம், அரித்த சேஸிஸைச் சரிசெய்வது வீண். கடலோர ஊர் வண்டியானால் கால் விரிப்பைத் தூக்கியும், கதவின் அடிவிளிம்பைத் தடவியும், அடியில் படுத்தும் பார்க்க வேண்டும். புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த அடிப்பாகம் சந்தேகத்துக்குரியது.

என்ஜின் உதிரிகள் பொதுவாகக் கிடைக்கின்றன. விளக்கு, பம்பர், கதவுக் கைப்பிடி போன்றவற்றுக்குத்தான் அலைய வேண்டும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பொருள் சந்தைகளே பலருக்குக் கைகொடுக்கின்றன.

பாதுகாப்பு

நம்பகம் வேறு, பாதுகாப்பு வேறு. நடுவழியில் நிற்காத வண்டி, மோதினால் காப்பாற்றும் என்பதில்லை. இது காற்றுப்பையும் ஏ.பி.எஸ். பிரேக்கும் பரவலாவதற்கு முந்தைய காலத்து வடிவமைப்பு. பக்கவாட்டில் பார்த்த பின்னிருக்கைகளில் குழந்தைகளை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. மெதுவாகப் போக முடியாதவர் இதை வாங்க வேண்டாம்.

ஆவணங்கள்

சொந்த உபயோக வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் மேலும் உயர்த்தப்பட்டது. இதனுடன் பசுமை வரியும் உண்டு. எனவே பதிவு இன்னும் எத்தனை ஆண்டுக்கு உள்ளது என்பதைப் பொறுத்தே விலை பேச வேண்டும். ஆறு மாதத்தில் முடியும் வண்டிக்கும் நான்கு ஆண்டு மீதமுள்ள வண்டிக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது.

தில்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை வந்தபின், அங்கிருந்து பல வண்டிகள் பிற மாநிலங்களுக்கு விற்கப்பட்டன. வெளிமாநில வண்டியானால் படிவம் 28இல் தடையின்மைச் சான்று இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய கடன் பதிவுச் சான்றில் நின்றால் வங்கியிடமிருந்து படிவம் 35 பெற்று நீக்க வேண்டும். சேஸிஸில் பொறித்த எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்பதை, முன்பணம் கொடுக்குமுன் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். துரு மூடி எண் தெரியவில்லை என்றால், தகுதிச் சோதனையிலும் அது தெரியாது.