முதல் வாரம் அதைச் சும்மா விடுங்கள்

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் எங்கள் வீட்டுக்கு முதல் ஹாம்ஸ்டர் வந்தது. ஓட்டை போட்ட சின்ன அட்டைப்பெட்டி, மகளின் மடியில், ஸ்கூட்டரில், உச்சி வெயிலில். வீட்டுக்குள் நுழைந்ததுமே பெட்டியைத் திறந்துவிட்டோம். அத்தை வீட்டுப் பிள்ளைகள், எதிர் வீட்டுக் குழந்தைகள், என் மாமியார் என்று இருட்டுவதற்குள் ஒன்பது பேர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாயிற்று. "எவ்வளவு சாது பாருங்க, அசையவே மாட்டேங்குது" என்று கொஞ்சாதவர் இல்லை. மூன்றாம் நாள் காலை அதன் பின்புறம் நனைந்திருந்தது. ஐந்தாம் நாள் உயிர் போய்விட்டது.

அது சாதுவாக இருக்கவில்லை, பயத்தில் உறைந்துபோயிருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. பிறகு கால்நடை மருத்துவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டு, ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்ததை வாங்கினோம். அது நன்றாக இருக்கிறது. அதற்கு நாங்கள் செய்த பெரிய பணிவிடை, முதல் வாரம் அதைத் தொடாமல் இருந்ததுதான்.

ஏன் இத்தனை பயம்?

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெரிய ரகம் சிரிய ஹாம்ஸ்டர். வளர்ந்த பிறகும் 100 முதல் 150 கிராம்தான், ஒரு கொய்யாப்பழ எடை. கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் பிறந்து ஒன்றிரண்டு மாதம் ஆகியிருக்கும். இதயம் நிமிடத்துக்கு 250 முதல் 500 முறை துடிக்கும். கையில் எடுத்தால் அந்தத் துடிப்பு நம் விரலில் அதிரும்.

கண்பார்வை மங்கல். உலகத்தை மூக்கால்தான் அறிகிறது. விலாவின் இரு பக்கமும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. போகிற வழியெல்லாம் உரசி, 'இது என் இடம்' என்று தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும். கடைக் கூண்டின் வாசனை போய், தாளிப்பு, சாம்பிராணி, ஃபினாயில், ஒன்பது பேர் கை வாசனை எல்லாம் ஒரே மாலையில் வந்து மோதினால் அது எங்கே போய் ஒளியும்? நம் காதுக்கு எட்டாத கீச்சொலியும் அதற்குக் கேட்கும். மிக்ஸி சத்தம் அதற்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை ஒரே வளையிலிருந்து வந்தவை. 1930-இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர், சிரியாவின் அலெப்போ பக்கத்தில் ஒரு வயலைத் தோண்டச் சொல்லி, தாயையும் 11 குட்டிகளையும் எடுத்தார். பெட்டியில் போட்டதும் முதலில் அருகே வந்த குட்டியைத் தாயே கடித்துக் கொன்றுவிட்டது. பெற்ற குட்டியையே மறக்கடிக்கும் பயம் அது. அந்த ரத்தம்தான் நம் வீட்டுக் கூண்டுக்குள்ளும் ஓடுகிறது. பிற்காலத்தில் அங்கே வயல்களில் வளைகளை அளந்தபோது, சராசரி ஆழம் 65 சென்டிமீட்டர் இருந்தது. ஒரு வளையில் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றுக்கு மேல் இல்லை.

வருவதற்கு முன்பே கூண்டு தயாராகட்டும்

ஒரு வளைக்கு ஒன்று என்பதால், 'ஜோடியா வாங்கிக்கோங்க, தனியா இருந்தா ஏங்கிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டர்கள் இரண்டை ஒரு கூண்டில் விட்டால் ரத்தக்காயமாகச் சண்டை போடும், ஒன்று செத்தும் போகும். ஆணும் பெண்ணுமாக இருந்துவிட்டால் கர்ப்ப காலம் 16 நாள்தான். மாதம் முடிவதற்குள் குட்டிகள் வந்துவிடும், எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

கடையில் ஹாம்ஸ்டரோடு சேர்த்துத் தருகிற வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கூண்டுகள் பெரும்பாலும் மிகச் சிறியவை. ஜெர்மனியின் விலங்குநல மருத்துவர் அமைப்பு ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. பழைய மீன் தொட்டி இருந்தால், மேலே கம்பி வலை போட்டு அதையே பயன்படுத்தலாம். உயரத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம்.

தரையில் போடும் படுகைதான் அதன் வளை. சுவிட்சர்லாந்தில் 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்தில் படுகை போட்டு ஹாம்ஸ்டர்களைக் கவனித்திருக்கிறார்கள். ஆழம் கூடக் கூடக் கம்பியைக் கடிக்கும் பழக்கம் குறைந்தது. 80 நம் வீடுகளில் முடியாது என்றாலும், ஒரு பக்கமாவது ஒரு சாணுக்கு மேல் குவித்து வைத்தால் முதல் இரவே தோண்டத் தொடங்கிவிடும். தூசில்லாத காகிதப் படுகையோ ஆஸ்பென் மரச்சீவலோ நல்லது. தச்சுப் பட்டறையில் சும்மா கிடைக்கிறதே என்று மரத்தூளை அள்ளி வராதீர்கள். அதில் பசையும் பாலிஷும் கலந்திருக்கும், தூசு மூச்சுக்குழலில் போய் அடைக்கும். மெத்தென்றிருக்கட்டுமே என்று பஞ்சு வைப்பதும் ஆபத்து. இழை காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் குடலை அடைக்கும். மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாளைக் கிழித்துப் போடுங்கள், அதுவே கூடு கட்டிக்கொள்ளும்.

ஒளிய ஒரு சின்ன வீடு, தண்ணீர் புட்டி, சுற்றிலும் பிளவில்லாத ஓட்டச் சக்கரம். சக்கரத்தின் விட்டம் சிரிய ரகத்துக்கு 28 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் முதுகு வளைந்துவிடும்.

முதல் ஏழு நாள்

கடையில் அது படுத்திருந்த படுகையில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, புதுக் கூண்டில் ஒரு மூலையில் போடுங்கள். வாசனை தெரிந்த ஒரே இடம் அதுவாக இருக்கும். பெட்டியைக் கூண்டுக்குள் வைத்துத் திறந்துவிட்டு விலகிவிடுங்கள், அதுவாக இறங்கட்டும். கூண்டின் ஒரு பக்கத்தில் மெல்லிய துணியைப் போட்டு மறைத்து, மிக்ஸி, டிவி, வாசல் மணி எட்டாத அறையில் வையுங்கள்.

முதல் இரண்டு நாள் உணவும் தண்ணீரும் வைப்பதோடு சரி. பகலெல்லாம் தூங்குகிறதே, உடம்பு சரியில்லையோ என்று எழுப்பாதீர்கள். இரவு எட்டு ஒன்பதுக்குமேல்தான் அதற்குப் பொழுது விடியும். மூன்றாம் நாளிலிருந்து கூண்டருகே உட்கார்ந்து மெதுவாகப் பேசலாம். என் மகள் அங்கே உட்கார்ந்துதான் பள்ளிப் பாடத்தை வாசித்தாள். நான்காம் நாள், வாசனைச் சோப்பு போடாமல் கழுவிய கையில் ஒரு டிஷ்யூ தாளைக் கொஞ்ச நேரம் பொத்தி வைத்து உள்ளே போட்டோம். மறுநாள் பார்த்தால் அந்தத் தாள் கூட்டுக்குள் இழுபட்டுப் போயிருந்தது. பேசாமலே அது நமக்குச் சொன்ன முதல் வார்த்தை அது.

அந்த வாரம் கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டாம். பிறகும் சிறுநீர் கழிக்கும் மூலையை மட்டும் எடுத்து மாற்றினால் போதும். மொத்தமாகக் கழுவினால் அது எழுதி வைத்த வாசனை எல்லாம் அழிந்து, மறுபடியும் புது வீடாகிவிடும். குளிப்பாட்டவே கூடாது. ஒரு கிண்ணத்தில் தூசில்லாத மணல் வைத்தால் அதில் புரண்டு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

சாப்பாட்டை அள்ளி வைக்க வேண்டாம். பெரியதற்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிராம் போதும். கடைத் தானியக் கலவையோடு தினை, கம்பு சேர்க்கலாம், வெள்ளரி ஒரு துண்டு, உப்பில்லாமல் அவித்த முட்டை வெள்ளை ஒரு சிட்டிகை. வெங்காயம், பூண்டு, ஆரஞ்சு, எலுமிச்சை, சாக்லேட் ஆகாது. குட்டை ரகங்களுக்குச் சர்க்கரை நோய் எளிதில் வருமென்பதால் பழம் கொடுத்துப் பழக்காதீர்கள். கிண்ணம் காலியாக இருக்கிறதே என்று மறுபடி நிரப்பவும் வேண்டாம், கன்னப்பையில் அடைத்துக்கொண்டு போய் எங்காவது பதுக்கியிருக்கும்.

நம் ஊர் வெயில்

ஹாம்ஸ்டருக்கு இதமான வெப்பம் 20 முதல் 24 டிகிரி. நம் வீடுகளில் பங்குனி தொடங்கியதும் அது கனவுதான். 30-ஐத் தாண்டினால் கவனம் வேண்டும். அதற்கு வியர்க்காது, ஃபேன் காற்று உதவாது. பால்கனியும் ஜன்னலோரமும் வேண்டவே வேண்டாம், காக்கையும் பூனையும் வேறு இருக்கின்றன. கூண்டுக்குள் ஒரு தரை ஓடு வைத்தால் அதன்மேல் வயிறு படப் படுத்துக்கொள்ளும். மின்சாரம் போகும் மதியங்களில், உறைந்த தண்ணீர் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டுக்கு வெளியே சாய்த்து வையுங்கள். துவண்டு கிடந்து வாயில் எச்சில் வழிந்தால் வெப்பத்தாக்கு. குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் வைத்து உடனே மருத்துவரிடம் போங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் முக்கக் கூடாது.

கொசுவத்திச் சுருளும் ஊதுபத்தியும் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம்.

வால் நனைந்தால் காத்திருக்காதீர்கள்

எங்கள் முதல் ஹாம்ஸ்டரைக் கொண்டுபோனது 'ஈரவால்' நோய். பால் மறந்த குட்டிகளுக்கு, மூன்றிலிருந்து பத்து வார வயதுக்குள் அதிகம் வரும். குடலில் கிருமி பெருகித் தண்ணீராகப் போகும், வாலும் பின்புறமும் நனைந்து நாறும். முடி சிலிர்த்து, கூன் விழுந்து, சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கும். பயணம், கூட்டம், இடமாற்றம், ஓயாமல் தூக்குவது போன்ற அழுத்தங்கள்தான் இந்த நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகின்றன. இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும் என்பதால், ஈரத்தைக் கண்ட அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நாங்கள் ஒரு நாள் பார்ப்போம் என்று இருந்துவிட்டோம். மாடும் நாயும் பார்க்கிற எல்லா இடத்திலும் ஹாம்ஸ்டர் பார்க்க மாட்டார்கள், எனவே வாங்கும் முன்பே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மிச்சமிருக்கிறதே என்று ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டரின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து அதையே கொன்றுவிடும்.

நம் உடம்புக்கும் கவனம்

தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கூண்டுச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. சால்மோனெல்லா கிருமி, படர்தாமரை இரண்டும் அதனிடமிருந்து வரலாம். கொறிவிலங்குகளிடமிருந்து வரும் ஒரு வைரஸ் கருவிலுள்ள குழந்தையைத் தாக்கக்கூடியது என்பதால் கர்ப்பிணிகள் கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கையில் தனியே கொடுக்காதீர்கள். கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எட்டாம் நாள் இரவு

இரண்டாவது ஹாம்ஸ்டர் வந்த எட்டாம் நாள் இரவு ஒன்பதரை மணி. மகள் உள்ளங்கையில் ஒரே ஒரு பூசணி விதையை வைத்துக் கூண்டின் தரையில் கையை நீட்டினாள். மீசை முதலில் வெளியே வந்தது, பிறகு மூக்கு. வந்தது, திரும்பி ஓடியது, மறுபடி வந்தது. இரண்டு முன்னங்கால்களை அவள் விரலில் ஊன்றி, விதையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு மெதுவாகத் திரும்பி நடந்தது. அவள் கையை எடுக்கவில்லை. "அம்மா, ஓடலை, நடந்துதான் போச்சு" என்று கிசுகிசுத்தாள்.