வாரக் காசு கட்டும் வீட்டில் ஆறு பிள்ளைகள்

வன்னியில் ஸ்கந்தபுரத்துத் தாய்மாருக்குச் சிக்கனம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர் தான் படித்துக்கொண்டுதான் திரும்புவார். வேலியில் முருங்கை, வளவில் மரவள்ளி, குளத்து மீன், காலையில் பழஞ்சோறு, மூத்தவனுக்கு அளவில்லாமல் போன சட்டை அடுத்தவனுக்கு. 1996 இல் போரால் கிளிநொச்சி இடம்பெயர்ந்து வந்து இந்த ஊரில் நெருக்கியடித்திருந்தபோதும், 2008 இல் இந்த ஊரே எழும்பி ஓடியபோதும், இருப்பதைப் பங்கிட்டுச் சமைத்தவர்கள் இவர்கள். ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இனிக் குறைக்க என்ன இருக்கிறது? காசு எங்கே ஒழுகுகிறது, வரவேண்டியது எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்று பார்ப்பதே பிரயோசனம்.

ஒழுகும் இடங்களில் பெரியது வாரக் கடன். 2009 இன் பின் ஏ9 வீதி திறந்ததும் வங்கிகள், லீசிங் கம்பனிகள், நுண்கடன் நிறுவனங்கள் எல்லாம் வன்னிக்கு வந்தன. பிணை கேட்காமல், பெண்களைக் குழுவாகச் சேர்த்து, வீட்டு வாசலிலேயே காசு கொடுத்தார்கள். 50,000 ரூபா கடன், வட்டி 24 வீதம், 52 வாரம் என்று வையுங்கள். வட்டி 12,000, வாரக் கட்டுக்காசு ஏறக்குறைய 1,192 ரூபா. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு வாரமும் முதலும் குறைந்துகொண்டு போகிறது; வட்டியோ முழு 50,000 க்கும் ஆண்டு முழுவதும் போடப்பட்டுவிட்டது. கையில் உண்மையில் இருக்கும் காசுக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி 43 வீதத்தையும் தாண்டும். ஆகவே வீதத்தைக் கேட்பதோடு நிற்காமல் “மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பேன், குறைந்துவரும் மீதிக்கா வட்டி?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறும் இடத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

இதைவிட மோசமான சேதம் அறுவடையில் நடக்கிறது. காலபோக நெல் தை, மாசியில் வீட்டுக்கு வரும். கட்டுக்காசு வாராவாரம் வாசலில் நிற்பதால் ஈர நெல்லை வயல் வரம்பிலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கிறார்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலைக்கு வாங்க ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. காயவைக்க இவர்களுக்கு நாள் இல்லை. தாய் தகப்பனோடு எட்டுப் பேர் வீட்டுக்கு நாளொன்றுக்கு இரண்டரைக் கிலோ அரிசி என்றால் ஆண்டுக்கு 900 கிலோவுக்கு மேல் வேண்டும். நெல்லாக ஏறக்குறைய 1,400 கிலோ. அதை மூட்டை கட்டி அறையில் அடுக்காமல் விற்றுவிட்டு, ஆவணியில் கடையில் அரிசி வாங்குவதைப் போல நட்டம் வேறில்லை. கடன் எடுக்கத்தான் வேண்டும் என்றால் அறுவடையோடு ஒத்துப்போகும் தவணை தரும் இடத்தைத் தேடுங்கள். ஊரின் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தை முதலில் விசாரிப்பது என் பக்கச்சார்பான யோசனை. அங்கே வட்டி உறுப்பினரின் சங்கத்துக்கே திரும்புகிறது.

2018 இல் இந்த வாரக் கடன் பிரச்சினை கொழும்புவரை போனது. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. ஐ.நா. நிபுணர் ஹுவான் பப்லோ போஹோஸ்லவ்ஸ்கி அந்த ஆண்டே நாட்டுக்கு வந்து, வசூலிப்பவர்கள் பெண்களை நடத்தும் விதத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு மத்திய வங்கி ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் போட்டது. மேலே போட்ட கணக்கு அதையும் தாண்டுவதைக் கவனியுங்கள்.

கடன்பட்டவருக்கும் உரிமை உண்டு. பத்திரத்தைத் தமிழில் கேட்கலாம், பிரதி வாங்கலாம். அடையாள அட்டையையோ, அரசின் அஸ்வெசும உதவிக் காசு வரும் வங்கிப் புத்தகத்தையோ ஈடாக ஒருவரிடமும் ஒப்படைக்காதீர்கள். பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இன்றி ஈடுவைக்க முடியாது. வைத்ததாக எழுதிய துண்டைக் காட்டி ஒருவர் வெருட்டினால் அஞ்ச வேண்டியதில்லை. உரிமம் பெற்ற நிறுவனம் அத்துமீறினால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 இல் முறையிடலாம். வீடு புகுந்து பொருளைத் தூக்கினாலோ மிரட்டினாலோ பொலிசுக்குப் போங்கள்.

இனி வரவேண்டியது. அஸ்வெசும 2023 இல் தொடங்கியது. 2025 தையிலிருந்து வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாவும், மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் உச்சத் தொகை. நாலு பேர் வீட்டுக்கும் ஒன்பது பேர் வீட்டுக்கும் அதே உச்சம். பெரிய குடும்பத்துக்கு இது அநீதி என்றே சொல்வேன். அதனால் எந்த வகுப்பில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது முக்கியம். பிழையாகச் சேர்த்திருந்தாலோ விடுபட்டிருந்தாலோ பிரதேச செயலகத்தில் கேளுங்கள்; நலன்புரி நன்மைகள் சபையின் இலக்கம் 1924. பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வருபவையும் உண்டு: இலவசப் பாடநூல், சீருடைத் துணி, அஸ்வெசும வீட்டுப் பிள்ளைக்கு 2025 இல் வழங்கத் தொடங்கிய 6,000 ரூபா பாடசாலை உபகரணக் கொடுப்பனவு. ஐந்து பேர் பள்ளிக்கூடம் போனால் 30,000 ரூபா. பாடசாலைப் பட்டியலில் ஒரு பெயரும் விடுபடாமல் பார்ப்பது தாய் தகப்பனின் வேலை.

குடும்பம் பெருகும்போது சுமை முதலில் மூத்த பிள்ளையின் தலையில் விழுகிறது. மகளைக் கைக்குழந்தை பார்க்க மறிப்பதும் மகனைக் கடையில் விடுவதும் நடக்கிறது. 16 வயதுவரை பள்ளிக்கூடம் கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதும் 2021 முதல் 16. பிள்ளைக்குத் தீங்கு நடந்தால் 1929 இல் முறையிடலாம். அடுத்தது தாயின் வயிறு. கடைசியாகச் சாப்பிடும் அவளுக்கு, கர்ப்பமாக இருந்தாலும் பாலூட்டினாலும் கிளினிக்கில் திரிபோஷா சத்துமா உண்டு. கர்ப்பிணிகளுக்கான போசணைக் கொடுப்பனவைப் பற்றிக் குடும்பநல மாதுவிடம் நேரத்தோடு பதிந்து கேளுங்கள்.

கணவர் விட்டுப்போன வீடுகள் வன்னியில் குறைவில்லை. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புப் பணம் கேட்கலாம். பதிவுத் திருமணம் நடக்காவிட்டாலும் பிள்ளைகளின் உரிமை போகாது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். போகும்போது பிள்ளைகள் எல்லோருடைய பிறப்புச் சான்றிதழையும், கணவர் வேலை செய்யும் இடம் பற்றித் தெரிந்த விபரத்தையும் கொண்டுபோங்கள்.