ஆர்.வி.யில் ஃபில்டர் மாட்டுமுன்

அமெரிக்காவில் பள்ளி விடுமுறை விட்டதும் நம்மவர்களில் பலர் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மா, கைக்குழந்தை, குக்கர், இட்லித் தட்டு எல்லாம் வண்டிக்குள் ஏறிவிடும். சிலர் சொந்தமாகவே வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திவைத்திருக்கிறார்கள், எச்.ஓ.ஏ. என்னும் வீட்டு உரிமையாளர் சங்கத்திடமிருந்து கடிதம் வரும்வரை. டயர், பிரேக், கேஸ் என்று துருவித் துருவி விசாரிப்பவர்கள்கூட தண்ணீர் விஷயத்தில், "ஒரு ஃபில்டர் மாட்டிட்டா போச்சு" என்று முடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், எதற்கென்று தெரியாமல் மாட்டிய ஃபில்டர், ஃபில்டரே இல்லாததைவிட மோசம். இல்லாதவர் பாட்டில் தண்ணீராவது வாங்குவார். மாட்டியவர் நம்பிக் குடித்துவிடுவார்.

முதலில் சட்டம் எதைப் பார்த்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிய வேண்டும். வீட்டுக்குத் தண்ணீர் தரும் நகர நிர்வாகம் ஆண்டுதோறும் ஜூலை 1-க்குள் தண்ணீரில் என்னென்ன இருந்தன என்று அறிக்கை தந்தாக வேண்டும். சொந்தக் கிணற்றிலிருந்து தண்ணீர் தரும் கேம்ப்கிரவுண்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆண்டில் 60 நாளாவது, நாளுக்கு 25 பேருக்காவது தண்ணீர் கொடுத்தால் அதுவும் பொதுக் குடிநீர் அமைப்புதான். ஆனால் வருகிறவர்கள் வந்துபோகிறவர்கள் என்பதால் சட்டம் அதைத் தனி வகையாக வைத்திருக்கிறது. உடனே நோய் தரக்கூடிய கிருமியையும் நைட்ரேட்டையும் அவர்கள் சோதித்தாக வேண்டும். நாள்பட்டுக் கெடுக்கும் ஆர்சனிக், ஈயம் போன்றவற்றுக்கான கூட்டாட்சி வரம்புகள் இந்த வகைக்குப் பொருந்தாது. இரண்டு நாள் தங்குகிறவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் ஆர்.வி.யை நிறுத்தி, அங்கிருந்தே வேலையும் பார்க்கிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

கிருமி விஷயத்தைக் கற்பனை பயமென்று தள்ளவும் முடியாது. 1975 கோடையில் ஒரிகான் மாநிலத்தின் கிரேட்டர் லேக் தேசியப் பூங்காவில், ஊற்றுத் தண்ணீரில் கழிவுநீர் கலந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். மலை உச்சித் தண்ணீர், பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்திருக்கும். இன்று அப்படி ஏதாவது தெரியவந்தால் 24 மணி நேரத்துக்குள் பயனாளிகளுக்கு அறிவித்தாக வேண்டும். குழாய்க் கம்பத்திலோ ஆபீஸ் ஜன்னலிலோ ஒட்டியிருக்கும் அந்தக் காகிதத்தைப் படிக்காமல் ஹோஸை மாட்டாதீர்கள்.

அந்தக் காகிதத்தில் நைட்ரேட் என்ற சொல் இருந்து, உங்களோடு கைக்குழந்தையும் இருந்தால், வேறு தண்ணீர் தேடுங்கள். நைட்ரேட்டுக்கான வரம்பு நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம். இந்த மாதிரிக் கேம்ப்கிரவுண்டுகளில், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கிடைக்காது என்ற நிபந்தனையோடும் அறிவிப்புப் பலகையோடும், மாநிலம் விரும்பினால் 20 வரை அனுமதிக்க விதியே இடம் தருகிறது. அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்தால் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. நம் பாட்டிமார்கள் சொல்லும் "நல்லா கொதிக்க வெச்சு ஆத்திக் குடு" இங்கே உதவாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், நைட்ரேட் அப்படியே இருக்கும். கரி ஃபில்டரும் அதைத் தொடாது. ஆர்.ஓ. குறைக்கும்.

அதனால்தான் "ஃபில்டர்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி வாங்கக் கூடாது என்கிறேன். பெட்டியைத் திருப்பி, தரச்சான்றைக் குறிக்கும் என்.எஸ்.எஃப். என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 42 என்றால் குளோரின் வாடை, ருசி போன்றவற்றுக்கு மட்டும். ஆர்.வி. கடைகளில் தொங்கும் நீலக் குழல் ஃபில்டர்களுக்கு, சான்று இருந்தால், பெரும்பாலும் இந்த எண்தான். 53 என்றால் உடல்நலம் சார்ந்தது. அதிலும் எதற்காகச் சான்று வாங்கியிருக்கிறார்கள், ஈயத்துக்கா, சிஸ்ட் எனப்படும் கிருமிக் கூடுகளுக்கா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். 58 ஆர்.ஓ.வுக்கு, 55 யு.வி. விளக்குக்கு. 1993-ல் மில்வாக்கி நகரத்தையே படுக்கவைத்த கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கு அசையாத கிருமி. அதைப் பிடிக்க 'அப்சல்யூட் 1 மைக்ரான்' வேண்டும். 'நாமினல் 1 மைக்ரான்' என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய என்று பொருள், அதில் நழுவிப் போவது நிறைய. வைரஸ் இந்த மைக்ரான் ஃபில்டர்களுக்குச் சிக்காது. கிருமி பற்றிய சந்தேகம் என்றால் கொதிக்க வைப்பதுதான் வழி: தளதளவென்று ஒரு நிமிடம். 6,500 அடிக்கு மேலே மூன்று நிமிடம். யெல்லோஸ்டோனில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பக்கம் தங்குகிறவர்களுக்கு மூன்று நிமிடக் கணக்குதான்.

"இ.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது" என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. எந்த ஃபில்டரையும் அங்கீகரிப்பதில்லை. பெட்டியில் இருக்கும் இ.பி.ஏ. எண், பொருள் எந்த ஆலையில் செய்யப்பட்டது என்பதைக் குறிப்பதாக இருக்கலாம், உள்ளே சேர்த்த வெள்ளிக்கான பதிவாகவும் இருக்கலாம். இரண்டுமே தரச்சான்று அல்ல.

இப்படி ஏமாற்றி விற்பதை ஆர்.வி. கண்காட்சியில் நேரில் பார்க்கலாம். மேசைமேல் இரண்டு கிளாஸ். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர்கள் ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் மின்கம்பி முள் செருகிய கருவியை இறக்குவார்கள். குழாய்த் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் துருநிறமாகிச் சேறு மிதக்கும். கூட்டம் "அய்யய்யோ" என்னும். அந்தச் சேறு தண்ணீரிலிருந்து வந்ததே அல்ல, மின்சாரம் பாய்ந்ததும் கருவியின் இரும்பு முள் கரைகிறது. தாதுப்பு இல்லாத ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் அது தெளிவாக நிற்கிறது. நம் ஊர் வீடுகளில் தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் காட்டிப் பழக்கிவிட்டதால் நம்மவர்கள் இதில் சுலபமாக விழுகிறார்கள். டி.டி.எஸ். எண்ணை வைத்துத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்பது, உப்பை மட்டும் நக்கிப் பார்த்துவிட்டுப் பருப்பு வெந்துவிட்டது என்று சொல்வது போல. கிருமியும் தெரியாது, ஈயத்தின் அளவும் தெரியாது.

அந்த மேசையில் ஏமாந்து கையெழுத்துப் போட்டுவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. கண்காட்சி அரங்கம், ஹோட்டல் கூடம் போன்ற தற்காலிக இடத்தில் 130 டாலர் அல்லது அதற்கு மேல் கொடுத்து வாங்கியதை, மூன்றாவது வேலைநாள் நள்ளிரவுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம் என்பது கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யின் விதி. சனிக்கிழமையும் வேலைநாள் கணக்கில் சேரும். ரத்துப் படிவத்தின் இரண்டு பிரதிகளை விற்பவரே கொடுத்திருக்க வேண்டும், பத்து வேலைநாளில் பணத்தைத் திருப்ப வேண்டும். ஆன்லைனில் வாங்கியதற்கும் நிரந்தரக் கடையில் வாங்கியதற்கும் இது பொருந்தாது.

இனி மாட்டும் வேலை. ஹோஸ் முதலில் வருகிறது. தோட்டத்துப் பச்சை ஹோஸ் வேண்டாம், குடிநீருக்கென்று விற்கும் வெள்ளை அல்லது நீல ஹோஸ்தான். கழிவுத் தொட்டியை அலச வேறு ஹோஸ், அது வேறு பெட்டியில் இருக்கட்டும். கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனில் 'குடிக்கத் தகாதது' என்று எழுதிய குழாயில் குடிநீர் ஹோஸைத் தப்பித்தவறிக்கூட மாட்டக் கூடாது. குழாயில் முதலில் ப்ரஷர் ரெகுலேட்டர், அதற்கப்புறம்தான் ஃபில்டர். சில கேம்ப்களில் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.யைத் தொடும். ரெகுலேட்டர் அதை 40-லிருந்து 60-க்குள் அடக்காவிட்டால் ஃபில்டர் கூடே வெடிக்கலாம்.

பெரும்பாலானோர் தவறுவது அடுத்த இடத்தில். கரி ஃபில்டர் வழியாகத் தொட்டியை நிரப்புகிறார்கள். கரி குளோரினை எடுத்துவிடும். காவல் இல்லாத அந்தத் தண்ணீர் வெயிலில் நிற்கும் வண்டித் தொட்டிக்குள் நாள்கணக்கில் கிடந்தால் கிருமி வளர நாமே இடம் கொடுத்ததாகும். தொட்டிக்கு நிரப்பும்போது மண், துரு பிடிக்கும் 5 மைக்ரான் படிவு ஃபில்டர் போதும். கரியும் சிஸ்ட் பிடிப்பானும் பம்ப்புக்கு அப்புறம், சமையல் சிங்க்குக்குக் கீழே இருக்கட்டும். ஆர்.ஓ. மாட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் அது ஒதுக்கும் தண்ணீரெல்லாம் கழிவுத் தொட்டியைத்தான் நிரப்பும், குழாய் இணைப்பில்லாத காட்டில் அது கட்டுப்படியாகாது.

சிங்க்குக்குக் கீழே மாட்டும்போது, கூட்டைக் கழற்ற அடியில் இடம் விடுங்கள், முன்னால் ஒரு வால்வு வையுங்கள். ஓ-ரிங்கில் வாஸ்லின் தடவினால் ரப்பர் ஊறிக் கெடும். உணவுத்தர சிலிக்கான் கிரீஸ் தடவிக் கையாலேயே இறுக்குங்கள். பித்தளை இணைப்பு வாங்கினால் ஈயமற்றது என்ற முத்திரை இருக்க வேண்டும். 2014 முதல் குடிநீர்ப் பொருள்களில் ஈயம் 0.25 சதவீதத்துக்கு மேல் கூடாது, ஆனால் குடிநீருக்கு அல்லாத மலிவுப் பித்தளையும் அதே அலமாரியில் தொங்கும். முதல் நூறு மைல் ஓடியதும் இணைப்புகளைத் தடவிப் பாருங்கள். ஆர்.வி.யின் தரை பல வண்டிகளில் ஒட்டுப்பலகை. சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் வெளியே தெரியும்போது பலகை உளுத்திருக்கும்.

சீசன் தொடக்கத்தில் தொட்டியைச் சுத்தம் செய்ய, 15 கேலனுக்குக் கால் கப் சாதாரண ப்ளீச். வாசனை சேர்த்தது வேண்டாம். கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் கரியே ப்ளீச்சைத் தின்றுவிடும். எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்து, சில மணி நேரம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசுங்கள். குளிர்காலத்துக்கு மூடும்போதும் கார்ட்ரிட்ஜ் வெளியே. குழாய்க்குள் ஊற்றுவது ஆர்.வி.க்கான இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுவது விஷம்.

"வெளி ஃபில்டர் மாட்டினா வாரண்டி போயிடும்" என்று டீலர் சொன்னால், அப்படிப் பொதுவாகச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, குறிப்பிட்ட கம்பெனிப் பாகத்தையோ தன் சர்வீஸையோ காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று கட்டிப்போட முடியாது. நீங்கள் மாட்டியதால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். இதை மீறும் வாசகங்களுக்காக 2018-ல் எஃப்.டி.சி. ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. டீலர் சொல்வதை எழுத்தில் கேளுங்கள், பல வாதங்கள் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் நீங்கள் மாட்டிய இணைப்பே கசிந்து தரை போனால் அந்தச் செலவு உங்களுடையதுதான்.

வாடகை வண்டியில் துளை போடும் பேச்சே வேண்டாம், டெபாசிட் போய்விடும். தொட்டியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று குறுஞ்செய்தியில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் தொட்டித் தண்ணீர் குளிக்கவும் கழுவவும் மட்டும், குடிக்கத் தனிக் கேன்.

பணத்தை கிரெடிட் கார்டில் கொடுங்கள். சொன்ன பொருள் வரவில்லை, வந்தது வேறு என்றால், பில் அனுப்பிய 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் எழுதி மறுக்கலாம். பொய்ச் சான்று காட்டி விற்றவர்மீது எஃப்.டி.சி.யிலும் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் பதியலாம். அவர்கள் உங்கள் பணத்தை வாங்கித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், புகார்கள் சேர்ந்தால்தான் நடவடிக்கை. பணத்துக்குச் சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், கட்டணம் 75 டாலரைத் தாண்டாது. இரு தரப்புக்கும் வக்கீல் வாதாட முடியாது என்பதால் பெரிய கம்பெனியும் உங்கள் எதிரே ஒரு சாதாரண ஊழியரைத்தான் நிறுத்த வேண்டும். ரசீது, விளம்பரத் தாள், கசிந்த இடத்தின் தேதியிட்ட படங்களோடு, உடைந்த கூட்டையும் குப்பையில் போடாமல் பையில் கட்டி எடுத்துப் போங்கள்.