சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பு



நடுத்தர வயதை எட்டிய ஒருவர் மருத்துவரிடம் செல்கிறார். உடல் பருத்துவிட்டது, படியேறினால் மூச்சு வாங்குகிறது. மருத்துவர் அவரைப் பரிசோதித்துவிட்டு, "சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். திரும்பும் வழியில் அவர் மருந்துக் கடையில் நுழைந்து, காப்பியில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் சிறு வில்லைகள் அடங்கிய டப்பா ஒன்றை வாங்கிக்கொள்கிறார். மறுநாள் முதல் காப்பி பழையபடியே இனிக்கிறது. அதில் சர்க்கரையோ இல்லை. இனி எடை தானாகவே குறைந்துவிடும் என்று அவர் நம்புகிறார். மூன்று மாதம் கழித்துத் தராசில் ஏறி நின்றால், முள் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கிறது. குறை வில்லையிலா, அல்லது அவர் கொண்ட நம்பிக்கையிலா? இதனையே இன்று ஆராய்வோம்.

இது ஒரு தனி மனிதரின் கவலை அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பெற்று 2023இல் வெளியான கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு உண்டு; 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாயிலில் நிற்கின்றனர். பருத்த உடல் இந்நோய்க்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. அன்றியும், நம்மவர்க்கு மேனாட்டாரைவிடக் குறைந்த எடையிலேயே இத்தொல்லை தொடங்கிவிடுகிறது. உடலின் எடையைக் கிலோகிராமில் கொண்டு, உயரத்தை மீட்டரில் கொண்டு, எடையை உயரத்தால் இருமுறை வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். மேனாட்டில் அவ்வெண் 25ஐ எட்டினால் எடை மிகுதி என்பர். இந்தியருக்கு 23ஐ எட்டும்போதே எச்சரிக்கை தேவை என்பது நம் மருத்துவர்களின் கொள்கை. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 63 கிலோவைத் தொடும்போதே கவனமாக இருத்தல் வேண்டும்.

செயற்கை இனிப்புகளின் வரலாறு 1879இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ரெம்சென் என்பவரின் சோதனைச்சாலையில் பணிபுரிந்த ஃபால்பெர்க் என்ற ரசாயன அறிஞர் சாக்கரினைக் கண்டறிந்தார். அது சர்க்கரையைக் காட்டிலும் ஏறத்தாழ 300 மடங்கு இனிப்பானது. அஸ்பார்ட்டேம் என்பது 1965இல் கண்டறியப்பட்டது. இனிப்பு ஏறத்தாழ 200 மடங்கு. 1976இல் லண்டனில் சுக்ரலோஸ் தோன்றிய கதை சுவையானது. அங்கே பயின்றுவந்த சசிகாந்த் பட்னிஸ் என்னும் இந்திய மாணவரிடம் ஒரு பொருளை "டெஸ்ட்" செய்யும்படி கூற, அவர் அதனை "டேஸ்ட்" என்று செவிமடுத்து நாவில் இட்டுப் பார்த்தார் என்பர். அப்பொருள் சர்க்கரையைவிட 600 மடங்கு இனித்தது. இவையன்றி, தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டுச் செடியொன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் ஸ்டீவியாவும் இன்று கடைகளில் கிடைக்கின்றது.

இப்பொருள்கள் எங்ஙனம் இனிக்கின்றன? நம் நாவில் இனிப்பை உணரும் நுண்ணிய வாயில்கள் உண்டு. சர்க்கரை அவற்றைத் தொட்டதும், இனிப்பு வந்தது என்ற செய்தி மூளைக்குச் செல்கிறது. செயற்கை இனிப்புகளும் அதே வாயில்களைத் தொடுகின்றன. மிக வலுவாகத் தொடுவதனால் மிகச் சிறிய அளவே போதுமானது. ஆகவே நாவுக்கு இனிப்புக் கிடைக்கிறது. உடலுக்கோ கணக்கில் கொள்ளத்தக்க கலோரி எதுவும் கிடைப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தருமாதலால், ஒரு கரண்டிக்கு 20 கலோரி ஆகிறது. நாளொன்றுக்கு நான்கு முறை காப்பி அருந்தி, ஒவ்வொரு முறையும் இரண்டு கரண்டி இட்டுக்கொள்பவர் 40 கிராம் சர்க்கரையை, அதாவது 160 கலோரியை உட்கொள்கிறார். வில்லையைப் போட்டால் இந்த 160 மிச்சமாகும். ஆனால் ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தருவது. எனவே 18 கிராம் எண்ணெயிலேயே அந்த மிச்சம் முழுவதும் கரைந்துவிடும். "காப்பியில்தான் சர்க்கரை இல்லையே" என்ற துணிவில் மாலையில் இரண்டு பஜ்ஜிகளைக் கூடுதலாகத் தின்பவர், மிச்சம் பிடித்ததன் பெரும்பகுதியைத் திருப்பிச் செலவழித்தவரே ஆகிறார். நம் நண்பரின் தராசு முள் அசையாமைக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இது வெறும் ஊகம் அன்று. எடை மிகுந்தவர்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சிகளும் இதனையே காட்டுகின்றன. டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்ஹேகனில் 41 பேரைக் கொண்டு நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று 2002இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் சர்க்கரை மிகுந்த பானங்களும் தின்பண்டங்களும் கொடுத்தனர். மற்றொரு பிரிவினருக்கு அத்தகையனவற்றையே செயற்கை இனிப்பிட்டுக் கொடுத்தனர். பத்து வாரங்களில் முதற் பிரிவினரின் எடை சராசரி 1.6 கிலோ கூடியது. மற்றவர்க்கு ஒரு கிலோ குறைந்தது. சர்க்கரை உண்டவர்களின் இரத்த அழுத்தமும் உயர்ந்தது. எனினும், இங்கே ஒப்பிடப்பட்டது பெருமளவு சர்க்கரையோடு என்பதை மறத்தலாகாது. அதனை விலக்கியதன் நன்மையையே இவ்வாராய்ச்சி முதன்மையாக உணர்த்துகிறது.

அமெரிக்காவில் 318 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2012இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், சர்க்கரைப் பானம் அருந்துவோரில் ஒரு பிரிவினர் தண்ணீருக்கும், இன்னொரு பிரிவினர் செயற்கை இனிப்புப் பானத்துக்கும் மாறினர். மூன்றாம் பிரிவினர் உணவு பற்றிய பொதுவான அறிவுரை மட்டும் பெற்றனர். ஆறு மாதத்தில் மூன்று பிரிவினருக்கும் எடை ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு வீதமே குறைந்தது. பிரிவுகளுக்கிடையே வேறுபாடு சொற்பம். ஆயினும், எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைத்தவர்கள், பானத்தை மாற்றிக்கொண்ட இரு பிரிவுகளிலும் மிகுதியாக இருந்தனர். தண்ணீரும் அதே பயனைத் தந்தது என்பது கவனிக்கத்தக்கது.

நம் காப்பி, தேநீர்ப் பழக்கத்தை ஒட்டிய ஆராய்ச்சி ஒன்று சென்னையிலேயே நிகழ்ந்து 2024இல் வெளியாயிற்று. நீரிழிவு உடையவர்கள் காப்பியிலும் தேநீரிலும் இடும் சர்க்கரைக்குப் பதிலாகப் பன்னிரண்டு வாரம் சுக்ரலோஸை இட்டுக்கொண்டனர். எடை சராசரி 0.3 கிலோ குறைந்தது. இடுப்பின் சுற்றளவு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. தீமை இல்லை, நன்மை உண்டு, ஆனால் சிறிது.

எடையைக் குறைப்பதினும் குறைத்ததைக் காப்பது கடினம் என்பதை முயன்றவர் அறிவர். இது பற்றி ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் ஓராண்டு நிகழ்ந்த ஆராய்ச்சியின் முடிவு 2025இல் வெளிவந்தது. எடை மிகுந்த 341 பேர் முதல் இரண்டு மாதம் கட்டுப்பாடான உணவால் எடையைக் குறைத்தனர். பின்னர்ப் பத்து மாதம் அனைவரும் சர்க்கரை குறைந்த நல்லுணவையே உண்டனர்; ஒரு பிரிவினருக்கு மட்டும் செயற்கை இனிப்பிட்ட உணவும் பானமும் அனுமதிக்கப்பட்டன. ஆண்டின் முடிவில் இப்பிரிவினர் மற்றவர்களைவிட 1.6 கிலோ கூடுதலான எடைக்குறைவைக் காத்துக்கொண்டனர். நீரிழிவு, இருதயநோய் ஆகியவற்றின் அறிகுறிகளில் வேறுபாடு இல்லை. வயிற்று உபாதைகள் மட்டும் இவர்களுக்குச் சற்று மிகுதி. ஒழுங்கான உணவோடு சேர்ந்தபோது செயற்கை இனிப்பு துணை செய்தது என்பதே இதன் கருத்து.

அங்ஙனமாயின், 2023 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம், எடையைக் கட்டுப்படுத்தும் வழியாக இவ்வினிப்புகளைக் கொள்ளவேண்டாம் என்று கூறியது ஏன்? ஸ்தாபனம் இருவகை ஆராய்ச்சிகளைக் கண்டது. சில மாதங்களே நடந்த சோதனைகளில் எடை சராசரி 0.7 கிலோ குறைந்திருந்தது. பல ஆண்டுகள் மக்களைக் கவனித்துவந்த ஆராய்ச்சிகளிலோ, செயற்கை இனிப்பை மிகுதியாக உட்கொள்வோரிடையே நீரிழிவும் இருதயநோயும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் இரண்டாம் வகையை ஆய்ந்து பார்க்கவேண்டும். மருத்துவமனையில் நோயாளிகள் நிறைந்திருப்பதால் மருத்துவமனையே நோயை உண்டாக்குகிறது என்று சொல்லலாமா? அதுபோலவே, உடல் பருத்தவர்களும் நீரிழிவுக்கு அஞ்சுபவர்களுமே இவ்வினிப்புகளை முதலில் நாடுகின்றனர். ஆகையால் காரணம் எது, காரியம் எது என்று பிரித்தறிவது அரிது. ஸ்தாபனமும் இதனை உணர்ந்தே தன் அறிவுரையை நிபந்தனையுடன் கூடியதாக வெளியிட்டது. முன்னரே நீரிழிவு உடையவர்களுக்கு அது பொருந்தாது என்றும் தெளிவாகக் கூறியது.

புற்றுநோய் வரும் என்ற அச்சமும் பலருக்கு உண்டு. சாக்கரினை மிகுதியாக உண்ட எலிகளுக்கு மூத்திரப்பையில் புற்றுநோய் கண்டதனால், 1977இல் அமெரிக்க அரசு அதனைத் தடை செய்ய முனைந்தது. பின்னர் எச்சரிக்கை வாசகத்தோடு விற்கவிட்டது. எலிகளின் மூத்திரத்துக்கே உரிய இயல்பினால் நேர்ந்தது அது, மனிதருக்குப் பொருந்தாது என்று தெளிந்தபின், 2000ஆம் ஆண்டில் அவ்வாசகம் நீக்கப்பட்டது. 2023இல் அஸ்பார்ட்டேம், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று ஐயுறத்தக்க பொருள்களின் வரிசையில் வைக்கப்பட்டது. சான்று வலுவற்றது என்பதே அவ்வரிசையின் பொருள். அதே சமயத்தில் மற்றொரு நிபுணர் குழு, உடலின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை கொள்ளலாம் என்ற பழைய வரம்பை உறுதி செய்தது. 70 கிலோ எடையுள்ளவர் அவ்வரம்பைத் தாண்டவேண்டுமானால், ஒரே நாளில் ஒன்பது முதல் பதினான்கு குப்பி வரை அத்தகைய பானத்தை அருந்தியாக வேண்டும். ஆகவே காப்பியில் இடும் ஒன்றிரண்டு வில்லைகளுக்கு நடுங்கவேண்டியதில்லை. ஆயினும் கவலைக்கு இடமே இல்லை என்றும் சொல்லற்கில்லை. சாக்கரினும் சுக்ரலோஸும் சிலருடைய குடலில் வாழும் நுண்ணுயிர்களை மாற்றி, உடல் சர்க்கரையைக் கையாளும் திறனைப் பாதிக்கின்றன என்று இஸ்ரேல் அறிஞர்கள் 2022இல் எடுத்துக்காட்டினர்.

இனி, நடைமுறையில் கவனிக்கவேண்டியவை சில. "சர்க்கரை இல்லாதது" என்று எழுதி விற்கும் இனிப்புப் பண்டங்களில் நெய்யும் மாவும் பாலும் இருக்கின்றன. அவை உடலைப் பருக்கச் செய்யத் தவறுவதில்லை. வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றைச் சர்க்கரைக்கு மாற்றாகக் கருதுவதும் தவறே. கலோரியில் அவை சர்க்கரைக்கு மிகவும் பின்தங்கியவை அல்ல. அஸ்பார்ட்டேம் நெடுநேரக் கொதிப்பில் இனிப்பை இழக்குமாதலால் பாயசத்துக்கு உதவாது. ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் பிறவிக் குறைபாடு உடையவர்கள் அதனைத் தொடலாகாது. கருவுற்ற தாய்மார்கள் மருத்துவரைக் கேட்டே எதனையும் கொள்ளுதல் நலம்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. இன்சுலினோ, இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரைகளோ கொள்பவர்களுக்குச் சில வேளை சர்க்கரை அளவு திடீரென்று இறங்கி, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் உண்டாகலாம். அந்நேரத்தில் உயிரைக் காப்பது உண்மையான சர்க்கரையே. செயற்கை இனிப்பிட்ட பானத்தை எவ்வளவு கொடுத்தாலும் பயன் இல்லை. ஆதலின், வில்லைக்கு மாறிவிட்ட வீட்டிலும் சிறிது சர்க்கரை இருத்தல் வேண்டும். பிரயாணத்தின்போது அதில் ஒரு பொட்டலம் சட்டைப்பையிலும் இருத்தல் வேண்டும்.

நம் நண்பரிடம் திரும்புவோம். அவர் வில்லையைத் தூக்கி எறியவேண்டியதில்லை. நாள்தோறும் எட்டுக் கரண்டிச் சர்க்கரையை விட்டொழிக்க அது அவருக்கு உதவுமானால், தாராளமாகக் கொள்ளலாம். ஆனால் எடையைக் குறைக்கும் ஆற்றல் அவ்வில்லையில் இல்லை. விட்ட சர்க்கரைக்கு ஈடாக வேறு உணவைச் சேர்த்துக்கொள்ளாமல் இருப்பதில்தான் அது இருக்கிறது. நடை பழகுவோர் ஊன்றுகோலைக் கொள்வது போல அதனைச் சில காலம் கொண்டு, இனிப்பையே சிறிது சிறிதாகக் குறைத்து வருவது நன்று. இரண்டு கரண்டியை ஒன்றாக்கியும், ஒன்றை அரையாக்கியும் வந்தவர்கள், சில வாரங்களில் பழைய காப்பி தெவிட்டுகிறது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். தாகத்துக்குத் தண்ணீரும் மோரும் இருக்கின்றன. மாலையில் அரை மணி நேரம் நடக்கத் தெருவும் இருக்கிறது. இவற்றோடு சேரும்போதுதான் வில்லை தன் சிறிய உதவியைச் செய்யும்.