இசட் புள்ளி குறைந்தாலும் உளவளத்துணை படிக்கலாம்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் லயங்களில் ஒரே கேள்விதான்: "நம்ம புள்ளைக்கு கேம்பஸ் கிடைக்குமா?" இசட் புள்ளி குறைவு என்று தெரிந்ததுமே பிள்ளையைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பிவிட அவசரப்படுகிறோம். உளவளத்துணையாளராக வர ஆசைப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால், பெற்றோரே, கொஞ்சம் பொறுங்கள்.

உளவளத்துணை என்பது புத்திமதி சொல்வது அல்ல. மனக் கஷ்டத்தில் இருப்பவர் பேசுவதைப் பொறுமையாகக் கேட்டு, அவரே தனக்கொரு வழி காண உதவுவது. யாழ்ப்பாணத்தில் இந்தத் தொழில் போர்க்காலத்தில்தான் வேர் பிடித்தது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' என்ற நூலைத் தமிழிலேயே எழுதினார். சாந்திகம் போன்ற நிறுவனங்கள் பயிற்சி கொடுத்தன. மருத்துவர்கள் சிலரே இருந்ததால் ஆசிரியர்களையும் ஊர் மட்டத்து ஊழியர்களையும் பழக்கினார்கள். அங்கே தேவைப்பட்டது பெரிய புள்ளி அல்ல, கேட்கத் தெரிந்த காது. குடி, தற்கொலை, கடன் என்று நம் தோட்டங்களிலும் அந்தக் காதுக்கு வேலை நிறைய இருக்கிறது.

இசட் புள்ளி என்ன என்று பலர் கேட்கிறார்கள். 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இதுதான் கணக்கு. ஒரு பாடத்தில் எல்லோருடைய சராசரி 45, புள்ளிகளின் பரவல் அளவு 15 என்று வைப்போம். 60 எடுத்தவருக்கு +1. 30 எடுத்தவருக்கு -1. மூன்று பாடங்களுக்கும் இப்படிப் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். ஆகவே மைனஸ் வந்தால் பிள்ளை பெயில் என்று அர்த்தமில்லை, சராசரிக்குக் கீழே என்றுதான் அர்த்தம். பெரும்பாலான கற்கைநெறிகளில் மாவட்டக் கோட்டாவும் உண்டு. பின்தங்கிய மாவட்டங்களுக்கான தனி ஒதுக்கீட்டில் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் இருக்கின்றன, யாழ்ப்பாணமும் இருக்கிறது. கண்டி, மாத்தளை இல்லை. இது நமக்கு நியாயமாகப் படவில்லை; கண்டித் தோட்டத்து லயமும் லயம்தானே!

முக்கியமான விஷயம் இனித்தான். உளவளத்துணையில் பட்டப்பின் டிப்ளோமாவுக்கோ முதுமாணிக்கோ விண்ணப்பிக்கும்போது பொதுவாக உயர்தர இசட் புள்ளியைக் கேட்பதில்லை. பட்டம், அதன் தரம், வேலை அனுபவம், நேர்முகம் இவற்றைத்தான் பார்ப்பார்கள். சில இடங்களில் தெரிவுப் பரீட்சையும் வைப்பார்கள். அமெரிக்காவில்கூட இத்தகைய படிப்புக்கு ஜி.ஆர்.ஈ. நுழைவுப் பரீட்சையைக் கட்டாயம் கேட்காத பல்கலைக்கழகங்கள் இப்போது பல.

அப்படியானால் முதலில் ஒரு பட்டம் வேண்டும். திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் உளவியல் கற்பிக்கிறார்கள். உள்வாரியாக இடம் கிடைக்காவிட்டால் வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. அதற்கு இசட் வெட்டுப்புள்ளி கிடையாது. திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் பிராந்திய நிலையங்கள் உண்டு. உயர்தரம் சித்தியடையாதவர்களும் அங்கே அடிப்படைக் கற்கையிலிருந்து தொடங்கலாம். எந்தப் பாடம் தமிழில் நடக்கிறது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். வேலை செய்துகொண்டே படிப்பதால் வருஷம் கூடும். அதற்காகப் பட்டத்தின் மதிப்பு குறையாது.

பட்டத்திலும் தரம் குறைவாக வந்துவிட்டால்? அதை மறைக்க வேண்டாம். விண்ணப்பக் கடிதத்தில் இரண்டு வரியில் காரணத்தைச் சொல்லிவிட்டு, செய்த வேலையை விரிவாக எழுதுங்கள். பாடசாலையில், வைத்தியசாலையில், முதியோர் இல்லத்தில் இரண்டு வருஷம் உதவிய பிள்ளை, அதைத் திகதியோடும் பொறுப்பாளரின் கடிதத்தோடும் காட்டினால் நேர்முகத்தில் பேச விஷயம் இருக்கும். முதுமாணி கிடைக்காவிட்டால் பட்டப்பின் டிப்ளோமாவில் சேர்ந்து நன்றாகச் செய்து மேலே போகலாம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் டிப்ளோமா எட்டாம் படி, முதுமாணி ஒன்பதும் பத்தும்.

இன்னொன்று. "ஆறு மாதத்தில் கவுன்சிலர் ஆகலாம்" என்று டவுனில் நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் சேமலாப நிதிக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சான்றிதழ் எத்தனையாம் படி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வீட்டுக்குத் திரும்பி வாருங்கள். மூலச் சான்றிதழை யாரிடமும் விட்டுவர வேண்டாம், உறுதிப்படுத்திய பிரதி போதும்.