வெள்ளத்தையும் வறட்சியையும் முன்கூட்டியே அறிய முடியுமா?

2023ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவான மழை 946 மில்லிமீட்டர். இது எவ்வளவு தண்ணீர் என்று கணக்கிட்டுப் பார்ப்போமா? ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். அப்படியானால் இரண்டரை சென்ட் மனையின் மேல் மட்டும் அன்று ஏறத்தாழ 95,000 லிட்டர் கொட்டியிருக்கிறது! அந்த வட்டாரத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம்.

அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 90 கி.மீ. தொலைவில் இருக்கிறது சங்கரன்கோவில். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. தென்மேற்குப் பருவமழையின் பெரும் பகுதியை மலை தடுத்து விடுகிறது. எனவே மானாவாரி நிலமும் குளத்துப் பாசனமும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்கின்றன. இங்கே மக்கள் பெரிதும் அஞ்சுவது வறட்சிக்குத்தான்.

இரண்டு ஆபத்துகளையும் முதலில் காட்டிக் கொடுக்கும் கருவி ஒன்றே: மழைமானி. ஆனால் வெள்ளம் மணிக் கணக்கில் வருகிறது; வறட்சி மாதக் கணக்கில் வருகிறது.

ஆற்று வெள்ளத்தை முன்னறிவது எப்படி? மலையில் பெய்த மழை கீழே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். தாமிரபரணியில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்கு வரும் நீரை அளந்தால், கீழேயுள்ள ஊர்களை முன்பே எச்சரிக்கலாம். 2023இல் நேர்ந்த சிக்கல் என்னவென்றால், அணைகளுக்குக் கீழே சமவெளியிலும் பேய்மழை கொட்டியது. அணையை மட்டும் பார்த்திருந்தால் அந்த நீர் கணக்கில் வராது. ஆகவே மழைமானிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். அவை தாமாகவே செய்தி அனுப்ப வேண்டும். தானியங்கி மழைமானியின் உள்ளே ஏற்றப் பலகை போன்ற அமைப்பில் இரண்டு சிறு கிண்ணங்கள் உண்டு. ஒன்று நிரம்பியதும் கவிழும். மற்றது மேலே வரும். ஒவ்வொரு கவிழ்ப்பும் ஒரு மின்துடிப்பாகப் பதிவாகும்.

அளந்தால் போதுமா? செய்தி உரியவரைச் சேர வேண்டாமா? அந்த 17ஆம் தேதி இரவு, சுமார் 800 பயணிகளுடன் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. முன்னே தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. தகவல் நேரத்தில் வந்ததால் பெரும் விபத்து தவிர்ந்தது. ஆனால் பல ஊர்களில் மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் செயலிழந்தன. கைபேசியை மட்டுமே நம்பிய எச்சரிக்கை அங்கே என்ன செய்யும்?

வங்கதேசம் இதற்கு வேறு வழி கண்டது. 1970ஆம் ஆண்டுப் புயலில் கடல்நீர் ஊருக்குள் புகுந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அந்த நாடு கிராமந்தோறும் தொண்டர்களைப் பயிற்றுவித்தது. கொடியேற்றியும், கையில் ஒலிபெருக்கி ஏந்தித் தெருத்தெருவாகச் சென்றும் அவர்கள் எச்சரிக்கிறார்கள். பிற்காலப் புயல்களில் உயிரிழப்பு பல மடங்கு குறைந்தது. ஏழை நாடுகள் உட்பட எல்லா நாட்டு மக்களுக்கும் 2027க்குள் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்று ஐ.நா. சபை 2022இல் இலக்கு வைத்தது.

இனி வறட்சிக்கு வருவோம். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 440 மி.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் கிடைத்தது சுமார் 168 மி.மீ. எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது 2017 ஜனவரி 10ஆம் நாள். அதற்குள் பயிர் கருகிவிட்டது. நிவாரணம் தர அந்த அறிவிப்பு உதவும். விதைப்பதா, வேண்டாமா என்று முடிவு செய்ய உதவாது. அதற்கு மழைக் குறைவை வாரந்தோறும் பழைய சராசரியோடு ஒப்பிட வேண்டும். கிணற்று நீர்மட்டத்தையும் மண்ணின் ஈரத்தையும் அளக்க வேண்டும். செயற்கைக்கோளும் கைகொடுக்கிறது. நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். வாடும் பயிரில் இந்த வேறுபாடு குறையும். கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படுமுன்பே கூட இதைக் கண்டுகொள்ளலாம்.

நீங்களும் மழையை அளக்கலாம். அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான கண்ணாடிக் குவளை போதும். வாய் எவ்வளவு அகலமானாலும் நீரின் உயரம் மாறாது. மரமும் சுவரும் இல்லாத வெட்டவெளியில் வைத்து, தினமும் காலை 8.30க்கு அளவுகோலால் அளந்து, நோட்டில் எழுதி, நீரைக் கொட்டிவிடுங்கள். மழையில்லாத நாளில் 0 என்று எழுத மறக்க வேண்டாம். வறட்சியைக் கணக்கிட அந்தச் சுழியங்களும் தேவை.