மலையைப் பார்த்து ஓடும் ஆறு

இத்தாலியின் வடக்கில், ஆல்ப்ஸ் அடிவாரத்து ஏரிகள் மஜ்ஜோரே, கோமோ, கார்தா எல்லாமே தண்ணீரைத் தெற்கே சமவெளிக்கு அனுப்புகின்றன. பக்கத்திலேயே கிடக்கும் சின்ன ஓர்த்தா ஏரி மட்டும் முரண்டு பிடிக்கிறது. பழைய பனியாறு கொட்டிவிட்டுப் போன மண்ணும் கல்லும் தெற்கு முனையைக் கரை கட்டினாற்போல் அடைத்துவிட்டன. அதனால் ஏரிநீர் வடக்கே, நிகோல்யா என்னும் சிற்றாறாக மலையைப் பார்த்து ஓடுகிறது. அது புறப்படும் இடத்தில் இருக்கிறது ஒமேன்யா. சுமார் 15,000 பேர் வாழும் ஊர். “எங்கள் ஆறு மேலே போகும், எங்கள் சட்டத்தை நாங்களே போட்டுக்கொள்வோம்” என்பது ஊர்க்காரர்களின் பழைய வீறாப்பு.

ஊரை வாழவைத்தது பாத்திரத் தொழில். 1901-இல் லகோஸ்தீனா, 1919-இல் பியாலெத்தி, 1921-இல் அலெஸ்ஸி என்று இருபதே ஆண்டுகளில் மூன்று பெரிய பெயர்கள் இங்கே முளைத்தன. பிரான்சில் அலுமினிய வேலை கற்றுத் திரும்பிய அல்ஃபோன்சோ பியாலெத்தியின் பட்டறையில்தான் 1933-இல் எட்டுப் பட்டை வைத்த ‘மோக்கா’ காபிப் பாத்திரம் பிறந்தது. நம் வீட்டு ஃபில்டரில் டிகாஷன் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். மோக்காவில் அடித்தட்டுத் தண்ணீர் சூடேறி, நீராவி நெருக்க, காபித்தூளுக்குள் புகுந்து மேலே ஏறும். காபியும் இந்த ஊரில் எதிர்த்திசைதான்! பியாலெத்தியின் பேரர்தான் அலெஸ்ஸி நிறுவனத்தை உலகறியச் செய்த ஆல்பெர்த்தோ அலெஸ்ஸி. 

ஆனால் ஆற்றின் அந்த எதிர்த்திசை ஓட்டமே ஏரிக்கு வினையானது. 1926-இல் தெற்கு முனையில், கோட்சானோவில், பெம்பர்க் ரேயான் ஆலை வந்தது. செம்பும் அமோனியம் சல்பேட்டும் கலந்த கழிவு நேராக ஏரிக்குள் போனது. வடிகால் தெற்கே இருந்திருந்தால் நஞ்சு அந்த முனையோடு வெளியேறியிருக்கும். வடிகாலோ வடகோடியில். வெளியேறுவதற்குள் அது ஏரியின் முழு நீளத்தையும் கடந்தாக வேண்டும். சில ஆண்டுகளிலேயே மிதவை நுண்ணுயிர்கள் மடிந்தன, மீன்களும் போயின. பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்ற மாற்ற, தண்ணீர் அமிலமாகி பி.எச். அளவு 4-ஐத் தொட்டது. பின்னாளில் கரையோரத்தில் தண்ணீர்க் குழாய்களுக்கு முலாம் பூசும் பட்டறைகள் குரோமியத்தையும் நிக்கலையும் சேர்த்துக் கொட்டின. ஆலையை மட்டும் திட்டினால் போதாது.

எண்பதுகளில் ஆலைக் கழிவுக்குச் சுத்திகரிப்பு வந்தது. அதன்பின், 1989-90-இல், படகில் போய் 10,000 டன்னுக்கு மேல் சுண்ணாம்புக்கல் தூளை ஏரி முழுக்கத் தெளித்தார்கள். சுண்ணாம்பு அமிலத்தை முறித்தது. கரைந்திருந்த உலோகங்கள் அடியில் படிந்தன. மீன்கள் திரும்பின. உலகின் மிகப் பெரிய ஏரி மீட்பு முயற்சிகளில் ஒன்று இது. ஆனால் அடிவண்டலில் உலோகம் இன்னும் கிடக்கிறது.

ஊரின் பாத்திரத் தொழில் அவ்வளவு லேசில் மீளவில்லை. ஒமேன்யாவின் பியாலெத்தி ஆலை 2010-இல் மூடப்பட்டது; அலெஸ்ஸி இன்னும் இங்கேயே இருக்கிறது.

நொவாராவிலிருந்து தொமொதோசொலா போகும் ரயில் பாதையில் முதலில் கோட்சானோ, அப்புறம் ஏரி, அப்புறம் ஒமேன்யா. அதாவது நஞ்சு போன அதே வழி. சுற்றுலாக் கூட்டம் நடுவில் ஏரிக்கரையில் உள்ள ஓர்த்தா ஊரிலேயே இறங்கிவிடும். நீங்கள் ஒமேன்யா வரைக்கும் போங்கள்.